ஜே-1, எச்-1பி, எஃப்-1, எல்-1: அமெரிக்க வேலைக்கு யாருக்கு எந்த வழி?

“அமெரிக்காவில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. பதினெட்டு மாதத்துக்கு ஜே-1 விசா என்கிறார்கள். போகலாமா? இல்லை, இங்கேயே இருந்து எச்-1பி குலுக்கலுக்குக் காத்திருக்கலாமா? கடன் வாங்கி எம்.எஸ். சேர்ந்துவிடுவதுதான் புத்திசாலித்தனமா?”

இந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்துவிட்டது. கேட்பவர்கள் கட்டடக்கலைஞர்கள், ஓட்டல் மேலாண்மை படித்தவர்கள், பொறியாளர்கள், முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: “ஸ்பான்சர்” என்ற சொல். அதை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எச்-1பி என்பது வேலைக்கான விசா; இடங்களைவிடக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கும். அதில் ஸ்பான்சர் என்றால் வேலை தரும் நிறுவனம். மனுப்போடுவதும் கட்டணம் கட்டுவதும் வழக்கறிஞர் வைப்பதும் அவர்கள். ஜே-1 என்பது பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டம். 1961இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையில் அமெரிக்க வெளியுறவுத்துறை நடத்துவது. இதில் ஸ்பான்சர் என்பது அந்தத் துறை அங்கீகரித்த ஓர் இடைநிலை அமைப்பு. டி.எஸ்-2019 என்ற சான்றிதழை வழங்குவதும், நீங்கள் அங்கே இருக்கும் காலம் முழுவதும் உங்களைக் கண்காணிப்பதும் அதன் வேலை. நீங்கள் தினமும் போய் உட்காரும் அலுவலகம் வேறு. அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். பல்கலைக்கழகங்களில் மட்டும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பல ஸ்பான்சர்கள் வேலை தேடித் தருவதில்லை. ஹோஸ்டை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். “ஜே-1 ஸ்பான்சர் கிடைத்துவிட்டது, பணம் கட்டினால் வேலையும் வந்துவிடும்” என்று ஓர் ஏஜென்ட் சொன்னால், அந்த ஸ்பான்சரின் பெயர் வெளியுறவுத்துறையின் ஜே-1 இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்கு வேண்டிய பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடைக்கால வேலைத் திட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றவரால் டிரெய்னி, அதாவது தொழிற்பயிற்சியாளர், பிரிவுக்கான சான்றிதழ் தர முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

சம்பளத்தை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். நான் வைக்கும் வரிசை இது.

முதலாவது, சாவி யார் கையில்? உங்கள் முயற்சி, நிறுவனத்தின் விருப்பம், குலுக்கல் ஆகியவற்றில் எது முடிவு செய்கிறது என்பது. இரண்டாவது, உங்கள் பையிலிருந்து போகும் பணம், வெளியே தெரியாத செலவுகளையும் சேர்த்து. மூன்றாவது, அங்கே நீங்கள் செய்யப்போவது சட்டத்தின் கண்ணில் வேலையா, பயிற்சியா, படிப்பா? நான்காவது, கணவனோ மனைவியோ கூட வந்தால் அவர்கள் வேலை செய்ய முடியுமா?

ஐந்தாவதுதான் மற்ற நான்கையும் விழுங்கிவிடும்: அனுமதிக்காலம் முடிந்த மறுநாள் காலையில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? பதினெட்டு மாதம் போகும் டிரெய்னிக்கு அது பத்தொன்பதாம் மாதம். அந்தக் காலையை இப்போதே கற்பனை செய்யத் தயங்குகிறவர்களுக்கு எந்த வழியும் சரிவராது.

## ஜே-1 டிரெய்னி, இன்டர்ன்

தகுதியில் குழப்பம் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களும், படித்து முடித்துப் பன்னிரண்டு மாதம் தாண்டாதவர்களும் இன்டர்ன். அதிகபட்சம் 12 மாதம். பட்டமும் அதற்குப் பின் அமெரிக்காவுக்கு வெளியே குறைந்தது ஓராண்டு துறை அனுபவமும் இருப்பவர்கள் டிரெய்னி. பட்டமே இல்லாவிட்டாலும் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் போதும். டிரெய்னிக்கு அதிகபட்சம் 18 மாதம். ஓட்டல், சுற்றுலாத் துறைக்கு 12 மாதம்தான்.

இதன் பெரிய பலம், குலுக்கல் கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் தொடங்கலாம். ஹோஸ்ட் சம்மதித்து, ஸ்பான்சர் ஏற்று, தூதரக நேர்காணலில் தேறினால் புறப்பட வேண்டியதுதான். படிப்புக்குப் பணம் கொட்டாமல் சாவியில் பெரும்பங்கு உங்கள் கையில் இருக்கும் வழி இது ஒன்றுதான் என்பேன்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. இது வேலை அல்ல, பயிற்சி. டி.எஸ்-7002 என்ற படிவத்தில் கட்டம் கட்டமாக என்ன கற்பீர்கள், யார் கற்பிப்பார், எப்படி மதிப்பிடுவார் என்று எழுதி நீங்களும் ஹோஸ்டும் ஸ்பான்சரும் கையெழுத்திட வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம். எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நோயாளியைத் தொடும் எந்தப் பணியும் கூடாது. அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் இடத்தில் உங்களை உட்கார வைக்கக் கூடாது. ஓட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாற்றி மாற்றிப் பயிற்சி தர வேண்டும். பதினொரு மாதமும் ஒரே அடுக்களையில் வெங்காயம் நறுக்க வைத்தால் அது விதிமீறல். படிவத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். ஸ்பான்சரிடம் முறையிட உங்களுக்கு இருக்கும் ஆதாரம் அதுதான்.

எட்டாண்டு அனுபவமுள்ள ஒருவர் டிரெய்னியாகப் போக நினைத்தால் நேர்காணலில் ஒரு கேள்வி காத்திருக்கும்: “உங்களுக்குத் தெரியாத எதை அங்கே கற்கப்போகிறீர்கள்?” இதற்கு ஒரு வரியில் பதில் வராவிட்டால் படிவத்தைத் திருத்தி எழுதுங்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இதில் அதிகம் திணறுகிறார்கள்; இங்கே செய்யும் அதே வேலையை அங்கே செய்யப்போவதாகவே அவர்களின் படிவம் பெரும்பாலும் சொல்லும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்றப் பயணிகளின் அரசுப் பதிவேடு) கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர். இவை ஊரறிந்தவை. 2025இல் நிறைவேறிய சட்டம் இவற்றின் மேல் 250 டாலர் விசா நேர்மைக் கட்டணம் ஒன்றுக்கும் இடம் தந்திருக்கிறது. ஸ்பான்சர் கட்டணம் மாதக் கணக்கைப் பொறுத்து மாறும்; பல இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஹோஸ்ட் அதைக் கட்டலாம், ஆனால் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹோஸ்ட் சிறிய நிறுவனமாக இருந்து, 25 பேருக்குக் குறைவான ஊழியர்களோ 30 லட்சம் டாலருக்குக் குறைவான ஆண்டு வருமானமோ கொண்டு, அந்த ஸ்பான்சருக்குப் புதியதாகவும் இருந்தால், ஸ்பான்சர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அதற்கும் தனிக்கட்டணம் வரலாம். ஒரு மாதம் தள்ளியும் போகலாம். காப்பீடு கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ ஒரு லட்சம் டாலர் வரை ஈடு செய்ய வேண்டும், காப்பீடு ஈடு செய்யத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. உதவித்தொகையின் அளவுக்கு எச்-1பி போல அரசு நிர்ணயித்த சந்தை ஊதியம் என்ற அடித்தளம் கிடையாது. மாதத்துக்கு இவ்வளவு என்று சொன்ன தொகையை அந்த நகரத்தின் வீட்டு வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். அதே ஊதியம் சிறு நகரத்தில் தாராளமாகவும் நியூயார்க்கில் பட்டினியாகவும் இருக்கும்.

ஒரு சிறு லாபமும் உண்டு. முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்கு டிரெய்னியின் ஊதியத்தில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியாகிய 7.65 சதவீதம் பிடிக்கக் கூடாது. ஹோஸ்டும் தன் பங்கான 7.65 சதவீதத்தைக் கட்ட வேண்டியதில்லை. பல சம்பளப் பிரிவுகளுக்கு இது தெரியாது. முதல் மாதச் சீட்டிலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள். எச்-1பி ஊழியருக்கு இந்தச் சலுகை இல்லை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லாததால், சில ஆண்டுகளில் திரும்புகிறவர் கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான்.

துணைவருக்கு ஜே-2 கிடைக்கும். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி அட்டை வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பதினெட்டு மாதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

### இரண்டாண்டு விதி

ஜே-1 என்றதும் பெரியவர்கள் பயமுறுத்தும் விதி இது: முடித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தால்தான் எச், எல் விசாக்களுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியும். இந்தியர்களில் பலரை இதில் சிக்க வைத்தது திறன் பட்டியல், அதாவது எந்த நாட்டுக்கு எந்தத் துறைத் திறன் தேவை என்று அமெரிக்கா வெளியிடும் பட்டியல். 2024 டிசம்பரில் அமெரிக்கா அந்தப் பட்டியலைத் திருத்தியபோது இந்தியாவின் பெயரை நீக்கிவிட்டது. பழைய பட்டியலால் மட்டும் கட்டுண்டிருந்தவர்களுக்கும் அது பொருந்தும். பத்தாண்டுக்கு முன் போய்வந்த அண்ணன் சொல்வதை இன்றைய சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் விதி செத்துவிடவில்லை. அரசு நிதி பெற்றவர்கள், ஃபுல்பிரைட் போன்ற உதவித்தொகையில் போகிறவர்கள், மருத்துவ மேற்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இன்றும் அதன்கீழ்தான் வருகிறார்கள். விசா தாளிலும் டி.எஸ்-2019இலும் இது குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு தவறாக இருப்பதும் உண்டு. சந்தேகமிருந்தால் வெளியுறவுத்துறையிடம் கருத்துரை கேட்கலாம்.

இந்த விதிக்குள் வராவிட்டாலும், ஒருமுறை டிரெய்னியாக இருந்தவர் மீண்டும் டிரெய்னியாக வேண்டுமானால் இரண்டாண்டு அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். இது வேறு விதி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

பத்தொன்பதாம் மாதம்? முப்பது நாள் அவகாசம், பிறகு விமானம். இடையில் எச்-1பி குலுக்கலில் விழுந்தால் உள்ளிருந்தே மாறிக்கொள்ளலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டாண்டு விதி இல்லாதவருக்குச் சட்டப்படி அது முடியும். ஆனால் எச்-1பி அக்டோபர் 1இல்தான் தொடங்கும். மாணவர் விசாவுக்கு இருக்கும் இடைவெளிப் பாதுகாப்பு ஜே-1க்கு இல்லை. ஜூலையில் திட்டம் முடிகிறவர் அக்டோபர் வரை எங்கே இருப்பார்? அதோடு, திரும்பி வருவேன் என்று நேர்காணலில் நிரூபித்துத்தான் இந்த விசாவையே வாங்குகிறீர்கள். தங்குவதை முதல் திட்டமாக வைத்துக்கொண்டு இந்த வழியில் போகிறவர் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

திரும்பி வந்தபின் அந்த அனுபவத்துக்கு இங்கே மதிப்பு இருக்கிறவர்களுக்கு, சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிற கட்டடக்கலைஞருக்கு, பெரிய ஓட்டல் சங்கிலியில் அடுத்த படி ஏற விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## ஜே-1 ஆய்வறிஞர்

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இது தனி உலகம். பல்கலைக்கழகமே ஸ்பான்சர், ஐந்தாண்டு வரை தங்கலாம், ஸ்பான்சர் கட்டணத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மறைந்திருக்கும் முள் ஒன்று: திட்டம் முடிந்து வெளியேறினால் அடுத்த 24 மாதத்துக்கு ஆய்வறிஞராகவோ பேராசிரியராகவோ மீண்டும் வர முடியாது. ஐந்தாண்டுக்கான வாய்ப்பை ஆறு மாத வருகைக்குச் செலவழித்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. குறுகிய வருகை என்றால் ஆறு மாதம் வரையிலான குறுகியகால அறிஞர் பிரிவில் கேளுங்கள். அதற்கு இந்தத் தடை இல்லை.

பல்கலைக்கழகங்கள் எச்-1பிக்கு ஆண்டுதோறும் இருக்கும் உச்சவரம்புக்கு வெளியே இருப்பவை; குலுக்கல் தேவையில்லை. ஆகவே ஆய்வாளர்கள் “ஜே-1க்குப் பதில் எச்-1பி தருவீர்களா” என்று துணிந்து கேட்கலாம். தர மறுத்தால் நஷ்டமில்லை.

மருத்துவர்களுக்கு ஒரே ஒரு பத்தி போதும். மேற்பயிற்சிக்கு ஜே-1இல் போனால் இரண்டாண்டு விதி நிச்சயம். அதிலிருந்து விலக்குப் பெறும் பிரபலமான வழி கான்ராட்-30: மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணி, மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது இடம். எச்-1பியில் போக வேண்டுமானால் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படியை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதைத் தரும் மருத்துவமனைகளும் குறைவு.

## எச்-1பி

இது உண்மையான வேலை விசா. மூன்றாண்டு, பிறகு மேலும் மூன்றாண்டு. கிரீன் கார்டுக்கு ஆசைப்படுவதை மறைக்க வேண்டியதில்லை. சந்தை ஊதியத்துக்குக் குறைவாகத் தர முடியாது; மனுச் செலவை ஊழியர் தலையில் கட்டுவதும் கூடாது.

சிக்கல் எல்லாம் உள்ளே நுழைவதில்தான். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2026 நிதியாண்டுக்கான குலுக்கலில் தகுதியான பதிவுகள் 3,43,981, தேர்வானவை 1,20,141. மூன்றில் ஒன்று என்று ஆறுதல் கொள்வதற்குள் இரண்டு மாற்றங்கள் வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 21 முதல் ஓராண்டுக்கு என்று வந்த அதிபர் ஆணை, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான இறுதி விதி, குலுக்கலில் ஊதியநிலை உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தது. மூன்றாண்டு அனுபவத்தோடு சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இரண்டுமே பாதகம். எந்தச் சிறு நிறுவனம் முகம் பார்த்திராத ஒருவருக்காக ஒரு லட்சம் டாலர் எடுத்துவைக்கும்?

துணைவர் எச்-4இல் வருவார். கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்படுவது போன்ற கட்டங்களைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு வேலை அனுமதி.

துறையில் முதிர்ந்தவருக்கும், அரிய திறன் உள்ளவருக்கும், ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் வேறு விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். மற்றவர்கள் இதற்காகக் காத்திருப்பதை ஒரு திட்டம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

## எஃப்-1 படிப்பும் ஓ.பி.டி.யும்

சாவியை விலை கொடுத்து வாங்கும் வழி. சேர்க்கை கிடைத்து, பணம் காட்டி, நேர்காணல் தேறினால் உள்ளே போய்விடலாம். செவிஸ் 350 டாலர். படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி., அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம்; அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம். இரண்டாண்டுப் படிப்பையும் சேர்த்தால் ஐந்தாண்டு. அந்த ஐந்தாண்டில் குலுக்கல் மூன்று நான்கு முறை வந்துபோகும். முதுகலைக்கான 20,000 இடத்திலும் பங்கு உண்டு. உள்ளிருந்தே எச்-1பிக்கு மாறுகிறவருக்கு அந்த ஒரு லட்சம் டாலர் பொருந்தாது என்று குடியேற்றத்துறை 2025 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. தங்க விரும்புகிறவருக்கு இன்றைய நிலையில் எஃப்-1தான் முன்னால் நிற்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

மறைந்த செலவுகள்தான் பயங்கரம். இரண்டு ஆண்டு சம்பளமில்லாமல் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓ.பி.டி.யின் முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் தகுதி போய்விடும். நீட்டிப்பும் கிடைத்தவருக்கு மொத்தம் 150 நாள். வேலை இல்லாத அந்த நாட்களில்தான் கடன் தவணையும் தொடங்கும். பாடத்தின் பெயரை நம்பாதீர்கள்: அதன் குறியீட்டு எண் 24 மாத நீட்டிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எஃப்-2இல் வரும் துணைவர் வேலை செய்யவே முடியாது.

வீட்டை அடமானம் வைத்துத்தான் போக வேண்டும் என்றால், குலுக்கல் விழாமல் திரும்பினாலும் அந்தக் கடனை இங்கே வரும் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்ற கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து போடுங்கள்.

## எல்-1

பலர் மறந்துவிடும் வழி. பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையில் கடந்த மூன்றாண்டில் தொடர்ந்து ஓராண்டு வேலை செய்த மேலாளர் அல்லது சிறப்பறிவு உள்ளவரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாம். குலுக்கல் இல்லை. மேலாளருக்கு ஏழாண்டு, சிறப்பறிவாளருக்கு ஐந்தாண்டு. துணைவர் இறங்கியதும் வேலை பார்க்கலாம். ஆனால் சாவி முழுக்க நிறுவனத்தின் சட்டைப்பையில். எல்-1ஐ வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குத் தாவ முடியாது. அந்த வாய்ப்புள்ள நிறுவனத்தில் இருப்பவர் ஜே-1க்காக ராஜினாமா செய்வதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | ஜே-1 டிரெய்னி | எச்-1பி | எஃப்-1, ஓ.பி.டி. | எல்-1 |
|---|---|---|---|---|
| சாவி | ஹோஸ்ட், ஸ்பான்சர், நீங்கள் | நிறுவனம், குலுக்கல் | நீங்கள், உங்கள் பணம் | நிறுவனம் |
| காலம் | 12 அல்லது 18 மாதம் | 6 ஆண்டு | படிப்பு, பிறகு 1 முதல் 3 ஆண்டு | 5 அல்லது 7 ஆண்டு |
| செலவு யாருக்கு | பெரும்பாலும் உங்களுக்கு | நிறுவனத்துக்கு | முழுவதும் உங்களுக்கு | நிறுவனத்துக்கு |
| துணைவரின் வேலை | அனுமதி பெற்றபின் | வெகுநாள் கழித்து | இல்லை | உடனே |
| முடிந்த மறுநாள் | ஊர் திரும்புதல் | கிரீன் கார்டு வரிசை | எச்-1பி கிடைத்திருந்தால் வேலை, இல்லாவிட்டால் ஊர் | கிரீன் கார்டு வரிசை அல்லது ஊர் |

## ஜே-1தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு

வேலை தேடும் கடிதத்தில் “எனக்கு ஸ்பான்சர்ஷிப் தேவை” என்று எழுதாதீர்கள். படிப்பவர் எச்-1பி என்று எண்ணிக்கொண்டு கடிதத்தை மூடிவிடுவார். “விசா ஸ்பான்சர் தனி அமைப்பு, உங்களிடம் கேட்பது பயிற்சி இடமும் பயிற்சித் திட்டத்தில் கையெழுத்தும்தான். குலுக்கல் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை” என்று மூன்று வரியில் சொல்லுங்கள். உங்கள் துறைக்கு அங்கீகாரம் பெற்ற இரண்டு ஸ்பான்சர்களின் பெயரையும் குறிப்பிடுங்கள். ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் நடுத்தர நிறுவனங்களுக்கு எழுதுவது நல்லது: பெரிய நிறுவனங்களில் உங்கள் கடிதம் எந்திரத்தின் வடிகட்டியில் நிற்கும், மிகச் சிறியவற்றில் நேரடி ஆய்வின் தாமதம் வரும். ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்த நிறுவனங்கள் ஹோஸ்டாக இருக்க விதி இடம் தராது. அவர்களுக்கு எழுதி நாளைக் கழிக்க வேண்டாம்.

அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் சம்பளம் கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: எனக்குக் கற்பிக்கப்போகிறவர் யார்? ஊழியர் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு உங்களிடம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கான சான்றை ஸ்பான்சர் எப்படியும் கேட்பார். முதல் கேள்விக்கு அவர்கள் ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடியாமல் “எல்லோரும் சேர்ந்து” என்று இழுத்தால், அடுத்த நிறுவனத்துக்கு எழுதத் தொடங்குங்கள்.